ரயில் ஏறிய கிரேக்கர்

எண்பதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்தேன். கேட் அருகே ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அதில் ஒரு பொன்மொழி எழுதுவது என் பொறுப்பு. அங்கே இலக்கியம் படித்தவன் நான்தான். கீழே சொன்னவர் யார் என்று போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மேலாளர் அழிக்கச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் திருமுல்லைவாயில் வீட்டுக்குத் தாமதமாக வந்து, வாசலிலேயே சாக்கு சொல்ல ஆரம்பித்தேன். மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"ரயிலுந்தான் தினம் லேட்டா வருது. வந்து நின்னு காரணமா சொல்லிக்கிட்டிருக்கு?"

மறுநாள் பலகையில் எழுதினேன்: "தாமதமாக வரும் ரயில்கூடக் காரணம் சொல்வதில்லை." கீழே மனைவியைப் போடக் கூச்சம். "கிரேக்க அறிஞர்" என்று போட்டேன். அவர் காலத்தில் ரயில் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதியபோது எனக்கே உறைக்கவில்லை.

வாசகம் பரவியது. தாமதமாக வருபவர்களை வாட்ச்மேன் அதை வைத்தே மடக்குவார்: "இன்னா அண்ணாத்தே, ரயிலே வாயத் தொறக்கறதில்லியாம். நீ இன்னா கதை சொல்லிகினு கீற?"

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் தொழிற்சாலைக்காரர். அவர் மூலம் விஷயம் மனைவிக்குத் தெரிந்தது. "பெரிய அறிஞர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அதன்பின் வாசலில் கேலி இல்லை. சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்பதோடு சரி. காரணம் தெரிந்தும் பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேலிக்காகத்தான் நான் வீடு திரும்பினேன் என்பது அது நின்ற பிறகே தெரிந்தது.

தொண்ணூறுகளில் எனக்குப் பணி ஓய்வு விழா. மேலாளர் மைக்கில் முழங்கினார்: "அந்தக் காலத்திலேயே கிரேக்க அறிஞர் ஒருத்தர் சொன்ன மாதிரி, ரயில்கூடக் காரணம் சொல்றதில்ல..." முன்வரிசையில் மனைவி புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

ஏற்புரைக்கு எழுந்தேன்.

"அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. அதைச் சொன்னது என் மனைவி. இதோ, பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். பெயரை மாற்றி எழுதியவன் நான்."

அரங்கம் விழித்தது. பின்னாலிருந்து வாட்ச்மேன் குரல்: "அம்மா, நீங்களா அது! உங்க பேச்ச வச்சித்தான் நான் காலம் தள்ளிகினு கீறேன்!" சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலையையும் பரிசாகத் தந்த சுவர்க் கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினோம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று விளக்க ஆரம்பித்தேன்.

அவள் கடிகாரத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இவ்ளோ லேட்டா வந்துட்டு, காரணம் வேறயா?"