கைதிகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்

சகோதர சகோதரிகளே, உயிரோடு திரும்ப மாட்டேன் என்று நான் முடிவு செய்துவிட்ட ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்டவர் அன்றைக்குச் செய்ததை மறைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் ஜான்சி. கும்மிடிப்பூண்டியில் வளர்ந்தவள். அப்பா இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்தார். நான் வீடியோ எடுக்கும் செய்தியாளர். போன வருடம் மழை ஓய்ந்ததும் எல்லையைத் தாண்டி பர்மா மலைக்குள் போனேன். ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடும் போராளிகளோடு தங்கிப் படம் எடுப்பது என் வேலை.

கிளம்பும்போது அம்மா சொன்னார்: "எவனோ சுட்டுக்கினு சாவுறான். நீ இன்னாத்துக்குடி நடுவுல போய் நிக்கற?"

"அவங்க சாவுறது யாருக்கும் தெரியலம்மா. அதுக்குத்தான்."

அந்தப் போராளிகளும் விசுவாசிகள். தினமும் காலையில் ஜெபம் செய்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொடுவார்கள். அவர்களுடைய தளபதி முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எனக்கு மொழிபெயர்த்தவர் செல்வம். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், அவரும் போராளி. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் அவர்கள் மலை மேலிருந்த ராணுவக் காவல் முகாமைப் பிடித்தார்கள். சிப்பாய்கள் இரண்டு பேர் உயிரோடு சிக்கினார்கள். ஒருவனுக்குத் தொடையில் காயம். கைகளைக் கட்டி, பக்கத்தில் காலியாகக் கிடந்த பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு முகங்களையும் நான் படம் எடுத்தேன்.

சாயங்காலம் தளபதி என் முன்னால் வந்து கையை நீட்டினார். கேமராவில் இருக்கும் மெமரி கார்டைக் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளியே வந்தால், பிறகு இவர்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்கக்கூடாது என்று நினைக்கிறார்.

செல்வம் தணிந்த குரலில் சொன்னார்: "குடுத்துரும்மா தங்கச்சி. போன வாரம் ராணுவம் குண்டு போட்டதுல இவரு தம்பி செத்துட்டான். இப்ப யார் பேச்சையும் கேக்க மாட்டாரு."

"காலைல இவரு ஜெபம் பண்ணாரே, அதே ஆண்டவர்கிட்டதான் நானும் ஜெபம் பண்ணேன். கார்டு தர மாட்டேன். இவங்கள சுடணும்னா என் எதிர்ல சுடட்டும். அப்படியே சொல்லுங்க அண்ணே."

செல்வம் சொன்னார். தளபதி கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் போய் அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதேன். என்னைக் காப்பாற்றும் என்று நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, கட்டிப்போட்டவனைக் கொல்ல விடாதீர். விட்டால், நேரில் வந்து உம்மிடமே கேட்பேன்." இதுதான் என் ஜெபம். மரியாதை இல்லாத ஜெபம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அவர் கேட்டார்.

விடிந்ததும் காவலுக்கு நின்றவன் ஓடி வந்தான். நாங்கள் ஏறி வந்த வழியாகவே ராணுவம் வருகிறது. அதற்கு முன்னால் குண்டு போட விமானம் வரும். மலையின் மறுபக்கம் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. அதில் ராணுவம் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தது. தளபதி பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது தொடையில் காயம்பட்டவன் ஏதோ சொன்னான். செல்வம் முகம் மாறியது.

"இன்னா சொல்றான்?"

"அந்த வெடிய புதைச்சதே இவந்தானாம். கட்ட அவுத்தா முன்னாடி நடக்கிறேங்கிறான்."

தளபதியே கட்டை அவிழ்த்தார். அந்தச் சிப்பாய் நொண்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் கால் வைத்த இடத்தில் நாங்கள் கால் வைத்தோம். பாதி இறங்கியபோது விமானம் வந்தது. நாங்கள் இருந்த பள்ளிக்கூடம் எங்களுக்கு மேலே வெடித்துச் சிதறியது. பாதையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கீழே ஓடைக்கு வந்ததும் தளபதி தன் தண்ணீரை முதலில் அவனுக்குக் கொடுத்தார். பிறகு என் கேமராவைத் திருப்பித் தந்தார். கார்டு உள்ளேயே இருந்தது. "எல்லாவற்றையும் காட்டு" என்றார். அந்த இரண்டு சிப்பாய்களும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். செல்வம் செய்தி அனுப்பினார்.

அந்தப் படம் வெளிவந்தது. ராணுவத்தின் ஆட்களும் திட்டினார்கள், போராளிகளின் ஆட்களும் திட்டினார்கள். திட்டட்டும். இதைத் தற்செயல் என்கிறவர்களும் உண்டு. அவர்கள் அந்தப் பாதையில் நடக்கவில்லை. அதற்குப் பிறகு மனிதர்களைப் பார்த்துப் பயப்படுவது என்னை விட்டுப் போய்விட்டது.

ஊருக்கு வந்ததும், இனிமேல் கர்த்தரைச் சோதிக்காதே என்று பலர் புத்தி சொன்னார்கள். நான் அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "போ. நானும் இங்க சும்மா உக்காந்துக்கினு இருக்க மாட்டேன், முழங்கால்ல நிப்பேன்" என்றார்.

நீங்கள் பர்மாவுக்குப் போக வேண்டாம். உங்கள் கம்பெனியிலேயே மெஷினில் விரல் போன ஒருவனைச் சத்தமில்லாமல் வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். தூரத்தில் நின்று அவனுக்காக ஜெபிக்காதீர்கள். அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். நின்றுகொண்டு கேளுங்கள். என் ஆண்டவர் அங்கேதான் பதில் சொன்னார். அவருக்கே மகிமை.