காட்ட முடியாத குளிர்

சயன்ஸ் வாத்தியார் வேலையில் பாதி, கையில் இல்லாத பொருளைக் கண்ணில் காட்டுவது. கூட்டத்துக்கு முன்னால் நின்று நாக்கு உலர்ந்துபோன அனுபவம் உள்ளவர்களே, நீங்கள்தான் என் கட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஹைஸ்கூல் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். இதற்குக் கீழே குளிரே கிடையாது என்று ஓர் எல்லை உண்டு. அதன் பக்கம் போனால் பொருள்களுக்குக் குணமே மாறிவிடும். அதை ஊர் ஊராகத் தமிழில் சொல்ல எனக்கு ஆசை. "தமிழில் சயன்ஸா? பாதியில் எழுந்து போய்விடுவார்கள்" என்று ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் சொன்னார். மூன்று ஊரில் பேசிப் பார்க்கலாம், எங்காவது கூட்டம் கலைந்தால் அதோடு சரி என்று நிபந்தனையும் போட்டார்.

பொன்னமராவதிக் கம்பளி

சித்திரை வெயில். தண்டோராக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, "ஒலகத்துலயே பெரிய குளிரு இன்னைக்குத் திடலுக்கு வருது!" என்று அடித்துவிட்டார். ஜனங்கள் கம்பளியும் ஜமுக்காளமுமாகப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குளிரைக் கொண்டுவர முடியாது, அதன் கதையைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று உண்மையை உடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அந்தக் குளிருக்கு முன்னால் ஐஸ்கட்டிகூடக் கொதிக்கிற உலை என்றேன். ஒருவரும் அசையவில்லை!

முடிந்ததும் ஒரு விவசாயி கம்பளியை உதறி மடித்தபடி சொன்னார்: "காதால கேட்ட குளிருக்கே இம்புட்டு வேர்க்குதுங்களே, கண்ணால பாத்தா தாங்குவோமா?"

கண்ணை மூடிய செட்டியார்

அடுத்தது திருமயம் பக்கத்தில் ஒரு கிராமம். ஈய வளையத்தை அப்படிக் குளிரவைத்து, மின்சாரத்தை ஒரு தரம் ஓடவிட்டால் போதும், பிறகு பேட்டரி இல்லாமலே அது பாட்டுக்கு வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். ரங்கூனிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார், தொலைந்தோம் என்று நினைத்தேன். பெரிய பெரிய லேபரட்டரிகளே திணறுகிற கேள்வியை அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். எனக்குப் பெருமை தாங்காமல் போன அந்தக் கேள்வி இதுதான்: "மின்சாரம் சும்மா ஓடும், சரி. குளிரு சும்மா நிக்குமா? அதைக் கட்டிக் காக்க யாரு செலவு பண்றது?"

கட்டுமாவடியில் ஹெட்மாஸ்டர்

மூன்றாவது ஊருக்கு ஹெட்மாஸ்டரே கோட்டும் தலைப்பாகையுமாக வந்துவிட்டார். மீனவர்கள் குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஹீலியம் என்ற வாயுவைத் திரவமாக்கி, இன்னும் குளிரவைத்துக் கிண்ணத்தில் வைத்தால், அது தானாகச் சுவரில் ஏறி விளிம்பைத் தாண்டி வெளியே சொட்டும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். மயிரிழை விரிசலிலும் நுழைந்துவிடும் என்றேன். "அய்யய்யோ, அதுல தோணி விட்டா எங்கிட்டு அடைச்சாலும் ஒழுகுமே!" என்று ஒருவர் பதற, கூட்டம் முழுக்க ஒரே பேச்சு.

அப்போது ஹெட்மாஸ்டர் எழுந்தார். போச்சு, நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவரோ நேரே பலகைக்கு முன்னால் வந்து நின்று, "யாரும் தள்ளாமல் அது எப்படி ஐயா மேலே ஏறுகிறது?" என்று தமிழில் கேட்டார்! நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருத்தி சத்தம் போட்டாள்: "ஒக்காருங்கய்யா, பலகை மறைக்குதுல்ல!"

யாருமே பார்க்க முடியாத ஒரு பொருளை மறைத்ததற்காகத் திட்டு வாங்கிய ஹெட்மாஸ்டர் எங்களுடையவர் ஒருவர்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.