வெளியில் ஐயா, வீட்டில் அண்ணா

எட்டு வயதில் யாராவது என்னிடம் உலகத்திலேயே அழகான இடம் எது என்று கேட்டிருந்தால், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருந்த வீடியோ கேம் கடை என்றுதான் சொல்லியிருப்பேன். தகரக் கூரை, சிகரெட் புகை, சுவரோடு நான்கு மெஷின்கள். ஒன்றில் தவளை ரோட்டைக் கடக்கும். ஒன்றில் குரங்கு பீப்பாய் உருட்டிவிடும். இன்னொன்றில் வானத்திலிருந்து இறங்குகிறவர்களைச் சுட்டுக்கொண்டே இருக்கவேண்டும். எனக்கு அது பிடிக்காது. யாழ்ப்பாணத்தில் உண்மையான வெடிச் சத்தத்தையே கேட்டுவிட்டு வந்தவள் நான். எனக்குப் பிடித்தவன் நான்காவது மெஷினில் இருந்த மஞ்சள் வாயன். வாயைத் திறந்து மூடிப் புள்ளிகளை விழுங்கியபடி ஓடுவான், நான்கு பேய்கள் துரத்தும்.

அண்ணாவுக்கு அப்போது பதினேழு. அவர் கைப்பிடியைத் தொட்டால் வாயன் சொன்னபடி கேட்பான். நான் பக்கத்தில் ஒரு கதிரையில் ஏறி நின்று, எந்தப் பக்கத்தால் பேய் வருகிறது என்று பார்க்கவேண்டும். அது எனக்குத் தரப்பட்ட உத்தியோகம்.

அம்மாவுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் தாதி வேலை. ஐயா யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா இரண்டு காரியம் செய்வா. சேலைத் தலைப்பால் பொட்டை அழிப்பா, பிறகு என்னை மிரட்டுவா.

"வெளியிலை அண்ணா எண்டு கூப்பிடப்படாது. சிங்களப் பிள்ளையள் மாதிரி ஐயா எண்டு கூப்பிடு. விளங்கிச்சோ?"

"ஐயா யாழ்ப்பாணத்திலை எல்லோ நிக்கிறார்?"

"வாயைப் பொத்து!"

சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். அது எனக்கும் தெரியும். ஆனாலும் என் ஐயாவின் சொல்லைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சரியான பிடிவாதக்காரி நான். ஆகவே வெளியில் அண்ணாவை ஒன்றுமே கூப்பிடாமல், சட்டையைப் பிடித்து இழுத்தே காலத்தை ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாகக் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டு வைப்பா. நான் முதல் வேலையாக "அண்ணா, அண்ணா" என்று பத்துத் தரம் கூப்பிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அண்ணா அதுவரை போகாத கட்டத்துக்குப் போய்விட்டார். பின்னால் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவன் சாதாரண உடுப்பில் விளையாட வரும் பொலிஸ்காரன். "மல்லி, மல்லி" என்று, தம்பியைக் கூப்பிடுவதுபோல, அண்ணாவின் தோளில் தட்டிப் பழகியவன். அண்ணாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆகவே அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஒரேயொரு புள்ளிதான் மிச்சம். அப்போது சிவப்புப் பேய் மூலையால் திரும்பி வாயனுக்குப் பின்னால் வந்தது. அண்ணா அதைக் காணவில்லை. சட்டையை இழுக்க எனக்கு நேரமில்லை.

"அண்ணா, பின்னாலை!"

வாயன் தப்பிவிட்டான். பொலிஸ்காரன் அண்ணாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"மல்லி... தெமளத?"

தமிழனா என்று கேட்கிறான். கோபம்கூட இல்லை, ஏமாந்துபோனவனின் குரல். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். யாழ்ப்பாண விலாசம். தோளில் தட்டுகிற அதே கையால் அண்ணாவின் கொலரைப் பிடித்தான்.

"நீ விளையாடிக்கொண்டிரு, வாறன்" என்றார் அண்ணா. தமிழிலேயே சொன்னார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

நான் விளையாடினேன். வாயன் உயிரோடு இருக்கும்வரை அண்ணாவுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ நம்பினேன். அவனுக்கு மூன்று உயிர் மிச்சமிருந்தது. ஐயோ, என் கையில் மூன்றும் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. கடைக்கார முதலாளி, தமிழ் பேசும் மடவளை முஸ்லிம், மெஷினை நிறுத்தினார். "வாங்க மகள், அம்மா தேடுவாங்க" என்று என் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அண்ணா பன்னிரண்டாம் நாள் வந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் போர்வைக்குள் கிடந்து அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். இனிப் பிழை விடமாட்டேன். ஒரு கண் வீங்கி, நொண்டியபடி அவர் படலையைத் திறந்ததும் ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

"அம்மா! ஐயா வந்திட்டார்! ஐயா வந்திட்டார்!"

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தா. அண்ணாவைக் கண்டா. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மகன் திரும்பி வந்ததற்கு யாரும் அப்படி அழமாட்டார்கள், அப்படி அழுதா. பிறகு அவருடைய காதில் என்னவோ சொன்னா. அண்ணா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

சொன்னபடிதானே கூப்பிட்டேன், இதற்கும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐயாவைப் பற்றிய செய்தி அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் வந்துசேர்ந்திருந்தது. அதை எனக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நானாகவாவது கண்டுபிடித்திருக்கலாம். ஏழெட்டு நாளாக அம்மா வீட்டுக்குள்ளும் பொட்டு வைக்கவில்லை. பொலிசுக்குப் பயந்து இனி வீட்டிலும் வைக்கக்கூடாதாக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.