ஆமைப் பேட்டையில் ஒரு ஹாலந்துக்காரர்

காலமெல்லாம் சியெனா நகரத்தில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்த ஒரு தபால்காரருக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் மகள் வீட்டுக்கு வழி தெரியாது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் உடனே நம்புவார்கள். புருனேரோ நத்தைப் பேட்டைக்காரர். மகள் ஃபியமெட்டா வாழ்க்கைப்பட்டதோ எங்கள் ஆமைப் பேட்டையில். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

நத்தைக்கும் ஆமைக்கும் ஆகாது. எப்போதிலிருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால் புத்தி உள்ளவர்கள் அந்தப் பகையைப் பேட்டைகளுக்குள் நடக்கும் குதிரைப் பந்தயத்தை ஒட்டிய நாலு நாளோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த நாலு நாளும் வேறு வேறு பேட்டைப் புருஷன் பெண்டாட்டிகூட அவரவர் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். பந்தயம் முடிந்ததும் திரும்பி வந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புருனேரோவுக்கு மட்டும் வருடம் பூராவும் அந்த நாலு நாள்தான். வாலிபத்தில் எங்கள் தெருமுனையில் நடந்த கைகலப்பில் அவருக்கு முன்பல் ஒன்று போயிற்று. அன்றைக்கு எங்கள் பக்கம் கால் வைப்பதை விட்டவர்தான். தபால் நிலையத்தில் எங்கள் தெருக்களை அவருக்கு ஒதுக்கியபோது, சக ஊழியர் ஒருவரிடம் அவற்றைத் தள்ளிவிட்டு, முட்டி தேயும் ஏற்றத் தெருக்களை வாங்கிக்கொண்டாராம். சொந்தப் பேட்டையிலேயே அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அதற்குப் பேட்டை காரணமில்லை, வியாபாரம் காரணம். சாந்த் அகோஸ்தினோ கோயில் முனையில் நான் காப்பிக்கடை வைத்திருக்கிறேன். புருனேரோ ஓய்வு பெற்றதும் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்தார். வருகிறவர்கள் தாங்களாகவே நடந்து ஊரைப் பார்க்க, ஒரு மஞ்சள் தாளில் வழி எழுதி அச்சடித்துக் கொடுத்தார். பேராலயம், காம்போ சதுக்கம், கோபுரம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் பேட்டை வழி மட்டும் இல்லை. அவர் வாசலிலிருந்து காம்போவுக்கு நேர்வழி எங்கள் தெருதான். தாளை நம்பி நடப்பவர்களோ ஊர் மதிலுக்கு வெளியே இறங்கி, சரிவையெல்லாம் சுற்றி, மறுபடி மூச்சு வாங்க மேட்டில் ஏறவேண்டும்.

ஒருநாள் ஒரு ஹாலந்து தம்பதி வழி தவறி என் கடைக்குள் வந்து விழுந்தார்கள். அந்த அம்மாள் மஞ்சள் தாளை மேஜையில் போட்டு, "ஏம்மா, உங்க ஊர்ல நேர் வழின்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?" என்றாள். நான் தாளை எடுத்துப் படித்தேன். எங்கள் பேட்டையைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தார். 'இந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை. காப்பியும் சுமார்தான்.' கோயிலை விட்டது போகட்டும். என் காப்பியை ஒரு வாய் குடிக்காத மனிதர் எழுதுகிற எழுத்தா இது? அன்றிலிருந்து அவர் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வசந்தத்தில் ஃபியமெட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வியோலா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, யார் பேட்டையிலும் சேராத இடத்தில் இருப்பதால் புருனேரோ அங்கே போய் ஒரு தடவை பேத்தியைப் பார்த்தார். அதோடு சரி. மகள் குழந்தையோடு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டாள், அவர் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் போகவில்லை. "நான் எத்தனை வருஷம் போறது, ஆர்ஜியாக்கா? அவருக்குக் கால் இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள்.

அடுத்து வந்தது எந்த நீரூற்று என்ற பிரச்சினை. குழந்தையை எந்தப் பேட்டை நீரூற்றில் நனைக்கிறோமோ, சாகும்வரை அது அந்தப் பேட்டைக் குழந்தை. எங்கள் பேட்டைத் திருவிழா ஜூன் மாதத்தில் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நனைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை தூச்சோவின் வீட்டில் சொன்னார்கள். ஃபியமெட்டா நத்தையில் நனைந்தவள், அவள் பேசாமல் இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னாள். முதல்நாள் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் தன் அப்பா இந்த வீட்டுக்கு நடந்து வந்து, குழந்தையை நத்தைக்குக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டால் குழந்தை நத்தை. இல்லாவிட்டால் ஆமை.

தூச்சோவின் அம்மா யோசிக்கவே இல்லை. "சரி. கும்பிட்ட சாமியையே கிணத்துல போட்ட கூட்டம், அது எங்க இங்க வரப்போகுது" என்று உடனே ஒப்புக்கொண்டாள். நத்தைக்காரர்கள் எந்தக் காலத்திலோ பந்தயத்தில் தோற்ற ஆத்திரத்தில் ஒரு புனிதர் சிலையைக் கிணற்றில் போட்டார்கள் என்பது பழைய கதை. நாங்கள் அதை மறக்கவிடுவதில்லை.

ஃபியமெட்டா என் கடையில் நின்றுதான் அப்பாவுக்குப் போன் செய்து அந்த நிபந்தனையைச் சொன்னாள்.

"காம்போவுல பாத்துக்கலாமேம்மா," என்றார் அவர். எனக்கே கேட்டது.

"காம்போவுல என்ன தொட்டில் கட்டியா வச்சிருக்கேன்? வீட்டுக்கு வாங்க. தெருப்பேரும் நம்பரும் சொல்றேன், எழுதிக்குங்க. தபால்காரர்தானே நீங்க."

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். நத்தைக்காரர் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாதாம். வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, செருப்புக்குள் வெள்ளைக் காலுறை, கையில் விரித்த சுற்றுலா வரைபடம். என் கடை வாசலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் நெல்லோ என்னைக் கூப்பிட்டார்.

"ஆர்ஜியா, அங்க பாரு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் வரான், நம்ம புருனேரோ மூக்கை இரவல் வாங்கிக்கிட்டு."

தெருவே பார்த்தது. ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. நெல்லோ எழுந்து போய் மரியாதையாக விசாரித்தார். "ஐயாவுக்கு எந்த ஊரு?"

"ஹாலந்து."

"ஹாலந்துல எங்க?"

புருனேரோ கொஞ்சம் யோசித்தார். "நடுவுல," என்றார்.

"ரொம்ப நல்ல இடமாச்சே. எதைப் பாக்க வந்தீங்க?"

அவர் தெருப்பெயரையும் நம்பரையும் சொன்னார், அது ஏதோ நினைவுச் சின்னம் போல. நெல்லோ சிரிக்காமல் தென்புறக் கோட்டை வாசலைக் காட்டி, "நேரா கீழ போங்க, போயிட்டே இருங்க" என்று அனுப்பிவைத்தார். அவர் போன பிறகு நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும்தான்.

அப்புறம் அவர் திரும்பி வந்தார். மளிகைக்கடைக்காரர் அவரை மேலே அனுப்பினார். மேலேயிருந்து வந்தபோது, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி தாவரத் தோட்டத்துப் பக்கம் கை காட்டினாள். எங்கள் தெருக்கள் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். சாந்த் அகோஸ்தினோவை ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கமிருந்து பார்த்துவிட்டு, இந்த ஆமைக்காரர்கள் ஒரே மாதிரி எத்தனை கோயில்தான் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். பிற்பாடு அவரே சொன்னது.

நம்பர் தெருவில் இருந்ததென்னவோ உண்மை. அந்த நம்பர் போட்ட கதவைத் தூச்சோவின் தாத்தா காலத்திலேயே அடைத்துவிட்டார்கள். பக்கத்து வளைவுக்குள் நுழைந்து கொல்லைச் சந்து வழியாகத்தான் போகவேண்டும். பேட்டைக்காரர்களுக்குத் தெரியும், பேட்டைத் தபால்காரருக்குத் தெரியும். புருனேரோ அடைத்த கதவைத் தட்டினார், ஜன்னலை அண்ணாந்து பார்த்தார், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார், மறுபடி நேராகத் திருப்பினார், வளைவைத் தாண்டிப் போய்விட்டார்.

முதல் இரண்டு சுற்றுக்கு நான் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. குழந்தை எங்கள் பேட்டைக்கு வரவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, நான் ஆமையில் நனைந்தவள். இந்த மனிதர் என் காப்பியைச் சுமார் என்று எழுதியவர். இன்னும் கொஞ்ச நேரம் சுற்றினால் மணி அடித்துவிடும், எல்லாம் எங்கள் பக்கம் முடிந்துவிடும். ஆனாலும் அவர் ஒவ்வொரு தடவை வளைவைத் தாண்டும்போதும் நான் வாசல்வரை போய்த் திரும்பினேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. டம்ளரைக் கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் கடைக்குள் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்துவிட்டார்.

"அம்மா, நான் ஹாலந்து இல்ல."

"தெரியும்," என்றேன்.

"நான் நத்தைப் பேட்டை. புருனேரோ. என் மக வீடு எங்கன்னு எனக்குத் தெரியல." கடை நிறைய ஆமைக்காரர்கள். எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார். "பேத்தி அழற சத்தம் ரெண்டு தடவ கேட்டுது. எந்தப் பக்கத்திலேருந்துன்னு புரியல."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஏப்ரனைக் கழற்றினேன்.

நெல்லோ பின்னாலிருந்து மெதுவாக, "ஆர்ஜியா, மணி அடிக்கப் போவுது. கொஞ்சம் நிதானமா நடந்தாத்தான் என்ன?" என்றார்.

"நீ வாயை மூடிக்கிட்டு இரு," என்று சொல்லிவிட்டு புருனேரோவைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன். வளைவுக்குள் நுழைந்ததும் அவர் நின்று, "இதுவா?" என்றார். "இதைத் தாண்டித் தாண்டிப் போனேனே."

ஃபியமெட்டா கதவைத் திறந்தாள். உள்ளே போய்க் குழந்தையை எடுத்து வந்து அப்படியே அவர் கையில் கொடுத்தாள். தூச்சோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் அம்மா சமையலறை வாசலில் நின்று, சுவரில் இருந்த கடிகாரத்தையும் புருனேரோவையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

புருனேரோ உட்காரவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அது அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அப்பா, கேளுங்க," என்றாள் ஃபியமெட்டா.

"என்னது?"

"எதுக்கு வந்தீங்களோ அதை. சீக்கிரம் கேளுங்க."

அவர் வாயைத் திறந்தார். குழந்தை மூக்கைப் பிடித்திருந்ததால் குரல் ஒரு மாதிரி வந்தது.

"நாளைக்கும் வரட்டுமா?"

அவள் அவரையே பார்த்தாள். "அப்பா..."

"காலையில தொந்தரவா இருந்தா சாயங்காலமா வரேன். சாப்பிட்டுட்டே வந்துடுறேன்."

அப்போது மணி அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டும் அடித்து முடிந்தது. ஃபியமெட்டா அழுதுகொண்டே, "வாங்கப்பா, எப்ப வேணாலும் வாங்க" என்றாள். ஜெயித்தவள் தூச்சோவின் அம்மா, அவளுக்கு அந்த ஞாபகமே இல்லை. நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "பட்டாணி சூப் இருக்கு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு உங்கப்பாவை" என்றாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டைத் தலைவர் வியோலாவை எங்கள் நீரூற்றில் நனைத்தார். மஞ்சளும் நீலமுமான கழுத்துத் துணியைக் கட்டினார். கொடி, மேளம் எல்லாம் உண்டு. புருனேரோ அதற்கு வரவில்லை, வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு தொப்பி இல்லாமல், கண்ணாடி இல்லாமல் எங்கள் தெருவில் நடந்து வந்தார். நெல்லோ எழுந்து வளைவைக் காட்டினார். "இந்தப் பக்கம், அண்ணே."

அவர் திரும்பிப் போகும்போது நான் நிறுத்திக் கேட்டேன். எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏங்க, அதுக்காகத்தானே நேத்து அந்தச் சுத்து சுத்தினீங்க? வீட்டுக்குள்ளயும் போயிட்டீங்க, மணியும் அடிக்கல. ஏன் கேக்காம விட்டீங்க?"

அவர் என்னைக் குழப்பமாகப் பார்த்தார்.

"கேட்டேனேம்மா," என்றார். "வரச் சொல்லிட்டாளே."