ஊசித்துளையில் மெழுகு

காலையில் வந்ததும் ஓஸ்வால்ட் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறார். திறப்பது அதற்கப்புறம்தான். பிறகு ரயிலைச் சுற்றி வந்து விரலால் தடவுகிறார். "யார்னா கை வெச்சா எனக்குத் தெரியும்" என்கிறார், யாரும் கேட்காமலே.

ரயில் ஆறடி நீளம்; நிஜ ரயிலை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி. பெங்களூர் ஓரத்துச் சோதனைக் கூடமொன்றில், இழுத்துக் கட்டிய ரப்பர் கயிறுகளை விடுவித்ததும் அது பிளாஸ்டிக் சுரங்கத்துக்குள் அம்பாகப் பாயும். அப்போது காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை, அதன் உடம்பிலுள்ள ஊசித்துளைகள் வழியே உள்ளிருக்கும் கருவிகள் பதிவு செய்யும். நிஜச் சுரங்கத்தின் அகலத்தை அந்த அளவுதான் முடிவு செய்யும்.

அந்த மாதிரி ரயிலைப் பராமரித்து ஓட்டும் ஓஸ்வால்டுக்கு ஐம்பத்து நான்கு வயது. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறார், பையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு. கேன்டீன் தண்ணீரைத் தொடமாட்டார். "மூடி தொறந்தத எப்டிப்பா நம்பறது?"

போன செவ்வாய்க்கிழமை காற்றழுத்தம் திடீரெனக் கால்பங்கு குறைந்தது. பொறியாளர் கேத்தரினுக்கு மகிழ்ச்சி. சுரங்கத்தைக் குறுகலாக வெட்டலாம், அறிக்கையை மாலையே அனுப்பலாம். ஓஸ்வால்ட் திரையை முறைத்தார்.

"நேத்து வரைக்கும் மொத்துன காத்து, இன்னிக்கு இன்னாத்துக்கு மேடம் தடவிக் குடுக்குது?"

அவர் பார்வை ஹெர்பர்ட் மேல் போனது. ஒன்பது வருடமாகக் கூடவே கயிறு கட்டுகிற மனிதர்.

"நேத்து கடைசியா உள்ள இருந்தது யாரு?"

"நான்தான்ணா. கயித்த அவுத்துட்டுப் போனேன். ரயில்ல கை வெக்கல."

"வெச்சவன் வெச்சேன்னா சொல்லுவான்?"

எல்லோர் காதிலும் விழுந்தது. ஹெர்பர்ட் தண்டவாளத்தின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஓஸ்வால்ட் வயர்களை மாற்றினார், இரண்டு முறை ஓட்டினார். அதே அளவு. கடைசியில் பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாகக் குனிந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். நான்காவதில் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஊசியால் நெம்பினார். மெழுகு. அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும் அதேதான்.

பாலிஷ் மெழுகு டப்பா அவருடைய பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டியின் சாவி அவருடைய இடுப்பில். பார்க்க வருகிறவர்களுக்குப் பளபளக்கட்டும் என்று முந்தின நாள் அழுத்தித் தேய்த்தவர் அவரேதான்.

ஊசிமுனையைப் பார்த்தபடி நின்றார். துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நேராகக் கேத்தரினிடம் போனார்.

"மேடம், அந்த ரீடிங்க அனுப்பாதீங்க. ஓட்டையெல்லாம் மெழுகு அடச்சிருக்கு. நான் தேச்சது."

"எல்லா ஓட்டத்தையும் திரும்பச் செய்யணுமா?"

"எல்லாத்தையும்."

துளைகளைச் சுத்தம் செய்தார். பிறகு தண்டவாளத்தை ஒட்டியே மறுகோடி வரை நடந்துபோய், ஹெர்பர்டை அழைத்துவந்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார்.

"நீ பாருப்பா. நீ சரின்னு சொன்னாதான் ஓட்டுவேன்."

ஹெர்பர்ட் குனிந்து பார்த்து முடிக்கும்வரை, ஓஸ்வால்ட் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளியே நின்றார்.