நாங்கள் விழுந்து படுத்த சனிக்கிழமை

நீர் பொய் எழுதியிருக்கிறீர். மட்டக்களப்புச் சனம் ஒரு சின்ன விமானத்தைக் கண்டதும் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டது, அதனால்தான் பழைய விமானக் காட்சியை அங்கே நடத்த முடியாமல் போனது என்று உமது சங்கத்தின் நினைவு மலரில் எழுதியிருக்கிறீர். நாங்கள் விழுந்து படுத்தது உண்மை. அதனால்தான் நிறுத்தினீர் என்பது பொய். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு களுதாவளையில் ஒரு மனுசன் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்கிறார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து வேலை தெரியாது. நாவற்குடாவில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தே வயது போனவள். தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்.

எங்கள் மூன்று பேருக்கும் விமானப் பைத்தியம். சண்டை தொடங்குவதற்கு முன்னால், வாவிக்கு அக்கரையில் இருந்த ஓடுபாதைக்குப் பயணிகள் விமானம் வரும். ட்றைவர் அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் அந்த ஓடுபாதைக்குப் பக்கத்தால் போகிற பஸ்ஸை ஓட்டினார். விமானச் சத்தம் கேட்டால் பஸ்ஸை வீதியோரம் நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். சந்தைக்குப் போகிற பெண்கள் அவருடைய ஏழு பரம்பரையையும் இழுத்து ஏசுவார்கள். விமானம் தரையைத் தொட்டு, அதன் பின்னால் எழும்பிய தூசி அடங்கும் வரைக்கும் அவர் ஏறமாட்டார்.

எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. அப்போது தையல் பழகிக்கொண்டிருந்த குமர்ப்பிள்ளை. அந்த விமானத்தைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் எடுத்துப் போவேன். ஒருநாள் அவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, "பிள்ள எங்க இறங்கிற?" என்று கேட்டார்.

"பிளேன் இறங்கிற இடத்தில."

அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் முன் இருக்கை என்னுடையது. வேறு யாரும் அதில் இருந்தால் எழுப்பிவிடுவார்.

மூன்றாவது ஆள் என் மச்சான், மாமியின் மகன். வாவியில் தோணி விட்டு வலை போடுகிறவர். விமானம் அவருடைய தலைக்கு மேலால்தான் இறங்கும். சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணையும் கண்டேன் என்பார். பாதி புளுகு. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் பொறாமையில் எரிவோம். சாயங்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் மூன்று பேரும் நின்று அன்று வந்த விமானத்தைப் பற்றிக் கதைப்போம். சிறகு எப்படிச் சரிந்தது, சக்கரம் எப்போது வெளியே வந்தது, எல்லாம். ஒரு கலியாண வீட்டைப் பற்றிக் கூட அவ்வளவு நேரம் யாரும் கதைக்கமாட்டார்கள்.

பிறகு வந்தவை வேறு. குண்டு போடுகிற பொம்மர் வந்தது, ஹெலி வந்தது. வானத்தை நிமிர்ந்து பார்ப்பதே சந்தேகமான காரியமாகிப் போனது. ட்றைவர் அண்ணனிடம் ஒரு தூரக்கண்ணாடி இருந்தது. கப்பலில் வேலை செய்த உறவுக்காரர் கொடுத்தது. அது கையில் இருந்தால் எந்தப் பக்கத்தார் பிடித்தாலும் உளவாளி என்றுதான் சொல்வார்கள். எறிய மனம் வரவில்லை. பொலித்தீனில் சுற்றி நெல் மூட்டைக்குள் புதைத்தார். ஒவ்வொரு போகமும் நெல் மாறும்போது தூரக்கண்ணாடியும் பழைய மூட்டையை விட்டுப் புது மூட்டைக்குக் குடிபோகும்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். குண்டுக்குத் தப்பப் பங்கர்க் குழிக்குள் குந்தியிருக்கும்போதும் எங்கள் காது வானத்தில்தான் நிற்கும். மச்சான் மெதுவாக, "இதிட எஞ்சின் ஒண்டு சரியா இழுக்குதில்ல" என்பார். நான் ஓம் என்பேன். ஒருநாள் அம்மா இரண்டு பேரின் முதுகிலும் ஓங்கிப் போட்டார். "கொல்ல வாறதையும் ரசிக்கிறியளா, நாசமாப் போனதுகள்?"

அம்மா கேட்டது நியாயம். பொம்மரை நாங்கள் ரசிக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் எங்களுடைய பழைய விமானத்தைத் தேடினோம். அதைப் பங்கருக்குள் வைத்து யாருக்கு விளங்கப்படுத்துவது?

சமாதானப் பேச்சு தொடங்கி வீதிகள் திறந்த காலத்தில் நீர் வந்தீர். பாசிக்குடாவில் இடிந்து கிடந்த விடுதிகளுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தீர். பழைய விமானங்களைப் பழுதுபார்த்து ஓட்டுகிற சங்கம் என்றீர். ஒரு சனியும் ஞாயிறும் மூன்று விமானங்கள் வரும், வாவிக்கு மேலால் பறந்து காட்டும், சனம் வாவிக்கரை வெட்டைவெளியில் இருந்து பார்க்கலாம் என்றீர். எங்களைப் பற்றி யாரோ சொல்லி, எங்களைத் தேடி வந்தீர். ட்றைவர் அண்ணன் உம்முடைய கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நினைவிருக்கிறதா?

அந்த இரண்டு மாதமும் எங்களுக்குத் திருவிழாதான். வெட்டையில் ஆளுயரத்துக்கு நின்ற புல்லையும் எருக்கலையையும் ஊர்ச்சனம் முறை வைத்து வெட்டியது. அந்தப் பக்கத்தில் நட்டிருந்த வலைக்கம்புகளைப் பிடுங்கி வைக்கச் சொல்லி மச்சான் தோணிக்காரர் எல்லாரோடும் சண்டை பிடித்துச் சம்மதிக்க வைத்தார். காற்றுப்பை ஒன்று வேண்டும் என்று நீர் என்னிடம் கேட்டீர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விமானிக்குக் காட்டுகிற நீளமான துணிக்குழாய். செம்மஞ்சள் நைலோன் துணி எடுத்து, வாய் அகலமாக, வால் ஒடுக்கமாகத் தைத்தேன். முதல் தைத்தது காற்றில் நிமிராமல் ஈரச் சீலை மாதிரித் தொங்கியது. பிரித்து, வாய்க்குள் பிரம்பு வளையம் வைத்துத் திரும்பத் தைத்தேன். மூங்கிலில் கட்டி வாவிக்கரையில் உயர்த்தியபோது கடற்காற்றில் கையை நீட்டின மாதிரி எழுந்து நின்றது. சட்டை, பாவாடை, கலியாண ரவிக்கை என்று எத்தனையோ தைத்திருக்கிறேன். அதைத் தைத்த சந்தோசம் ஒன்றிலும் வந்ததில்லை.

ட்றைவர் அண்ணன் தூரக்கண்ணாடியை நெல்லுக்குள்ளிருந்து எடுத்தார். உமி போகத் துடைத்தார். அவருக்கு ஒரே ஒரு பயம், சனம் சத்தத்தைக் கேட்டு ஓடிவிடும் என்று. அதனால் ஒரு ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். "அன்பான பொதுமக்களே, வாறது பயப்படுற பிளேன் இல்ல. இது விளையாட்டுப் பிளேன். ஒருத்தரும் பங்கருக்குள்ள ஓட வேண்டாம். பிள்ளையள் குட்டியளோட வந்து பாருங்க." எங்கள் ஒழுங்கையில் இதைக் கேட்ட அம்மா, இவருக்கு விசர் முற்றிவிட்டது என்றார். ஆனால் அந்த நாளுக்கு உடுக்க ஒரு சீலையை எடுத்து ஸ்திரி போட்டு வைத்ததும் அம்மாதான்.

காட்சிக்கு முந்தின வாரத்துச் சனிக்கிழமை காலை. கடைசித் துண்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தோம். நீரும் கமராவோடு நின்றீர். ஒத்திகைக்கு ஒரு விமானம் வரலாம் என்றுகூட எங்களிடம் நீர் சொல்லவில்லை. கடல் பக்கத்திலிருந்து, வெயிலுக்குள்ளால், ஒரு எஞ்சின் சத்தம் சடாரென்று தலைக்கு மேல் பதிந்தது.

"படுங்க!" என்று கத்தினார் ட்றைவர் அண்ணன்.

எல்லாரும் படுத்தோம். வெட்டுக்கத்தியோடு படுத்தோம். நான் தையல் பார்க்க இறக்கி வைத்திருந்த காற்றுப்பையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தேன். நைலோனால் தலையை மூடினால் குண்டு விழாதாக்கும். நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் நீர்.

சத்தம் தாண்டிப் போனது. ஒன்றும் வெடிக்கவில்லை. மச்சான்தான் முதலில் தலையைத் தூக்கினார்.

"ட்றைவர் அண்ணன், இதுதானா நீங்க ஓட்டோவில சொன்ன பயப்படாத பிளேன்?"

யாரோ ஒரு பெண் படுத்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். வெட்டை முழுக்கச் சிரிப்பு பரவியது. ட்றைவர் அண்ணன் வாயில் ஒட்டிய மண்ணைத் துப்பிக்கொண்டு அவரும் சிரித்தார். விமானம் வாவிக்கு மேல் வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. மேலும் கீழுமாக இரண்டு சிறகு, மஞ்சள் நிறம், விமானியின் தலை வெளியே தெரிந்தது. அந்த முறை ஒருவரும் படுக்கவில்லை. இதை எழுதினீரா? எங்களோடு வந்திருந்த அம்மா சீலைத் தலைப்பை எடுத்து வீசிக் காட்டினார். விமானி சிறகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். ட்றைவர் அண்ணன் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நான் கேட்டும் தரவில்லை. இருபது வருசத்துக்குக் கிட்ட வானத்தைக் களவாகப் பார்த்த மனுசன் அன்று பகல் வெளிச்சத்தில் கால் அகட்டி நின்று பார்த்தார். என் வாழ்நாளில் அதைவிட நல்ல காலை இல்லை.

விமானி ஓடுபாதையில் இறக்கிவிட்டு வாகனத்தில் வெட்டைக்கு வந்தார். தெற்குப் பக்கத்துச் சிங்கள மனிதர், கொஞ்சம் தமிழ் தெரியும். நான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நல்ல சனம். ஏன் ஷோ வேண்டாம் சொன்னது?" எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். மட்டக்களப்பு ஆட்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று நீர் ஒரு மாதத்துக்கு முன்பே சங்கத்துக்குச் சொன்னீராம். எங்களுக்குச் சொன்ன அதே சனி ஞாயிறு தெற்கில் ஒரு கடற்கரை விடுதியில் காட்சி முடிவாகிவிட்டதாம். தான் அங்கே போகிற வழியில், இந்த வாவியை ஒருமுறை பார்க்கலாம் என்றுதான் வந்தாராம்.

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், புளியமரத்தடியில் நீர் ட்றைவர் அண்ணனின் தோளில் கை போட்டு, சனம் இப்படிப் பயந்தால் எப்படிக் காட்சி வைப்பது, நிறுத்தத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர். நான் ஓடி வரும்போது உம்முடைய வாகனம் வெளிக்கிட்டுவிட்டது. நீர் தந்த தொலைபேசி இலக்கத்துக்கு அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே ட்றைவர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. பிறகு திரும்பச் சண்டை வந்தது. தூரக்கண்ணாடி திரும்ப நெல்லுக்குள் போனது. விமானக் கதை கதைக்க ஆளில்லை. ஆனால் அந்த மஞ்சள் விமானத்தைப் பற்றி மட்டும் மூன்று பேரும் சந்திக்கும்போதெல்லாம் கதைத்தோம். மச்சான் அதன் சக்கரத்திலும் மண்ணைக் கண்டாராம்.

போன மாதம் யாரோ உம்முடைய மலரைக் களுதாவளையில் ட்றைவர் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். நான் போனபோது மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அச்சிலயே வந்திட்டுது பிள்ள. நான்தானே படுங்க எண்டு கத்தின. இரண்டு மாதம் சனம் பட்ட பாட்டை நான் ஒருத்தன் கெடுத்துப்போட்டன்."

விமானி சொன்னதை மறுபடி சொன்னேன். "அது வாயால சொன்னது. இது அச்சு" என்றார். ஊர் ஊராக ஓட்டோவில் போய்ச் சொன்ன முகத்தை இனி யாருக்கும் காட்டமாட்டாராம். கோயிலுக்கும் போவதில்லை.

நான் சொன்னால் நம்பமாட்டார். அச்சில் வந்தால்தான் நம்புவார், அதுவும் நீர் எழுதினால்தான். ஆகவே என்னோடு தொலைபேசியில் கதைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து தோளில் கை போடவும் வேண்டாம். அதே மலரில், உம்முடைய பெயரைப் போட்டு, எல்லாரும் வாசிக்கிற மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் எழுதும். காட்சியை எப்போது நிறுத்தினீர்? நாங்கள் படுத்த பிறகா, படுக்க முன்னமா? முன்னம் என்றால், அந்த ஒரு மாதமும் எங்களை எதற்குப் புல் வெட்ட விட்டீர்?

நான் தைத்த காற்றுப்பை இன்னும் என்னிடம் இருக்கிறது. உமது பதில் அச்சில் வந்த அன்று அதை அவருடைய முற்றத்தில் கட்டுவேன். அவர் வெளியே வந்து பார்க்கட்டும். எழுதும்.