இடி டிரைவரின் ஆவித் தண்ணீர்

டிப்போவில் அவரை இடி என்றுதான் கூப்பிடுவார்கள். குறட்டைக்காக வைத்த பேர். அவர் கண்ணை மூடினால் பக்கத்துத் தெரு நாய்கள் மழை வருகிறது என்று வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இத்தனை வருடமாக அவர் மனைவிக்குக் காது கேட்பதே டாக்டர்கள் கூடி ஆராய வேண்டிய விஷயம்.

குறட்டையோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பஸ்ஸை சிக்னலில் நிறுத்தியவர் அப்படியே கண்ணசந்துவிட்டார். பச்சை விழுந்தது, மறுபடி சிவப்பு விழுந்தது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. கண்டக்டர் விசிலை அவர் காதிலேயே வைத்து ஊதியபோதுதான் எழுந்தார்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றார். முகமூடியும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயும் வைத்த காற்று மெஷினைக் கொடுத்தார்.

"அடுத்த தடவை வர்ற வரைக்கும் ஒரு ராத்திரிகூட விடாம போட்டுத் தூங்குங்க. மெஷினே எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சுக்கும். சரியா இருந்தா வண்டி எடுக்கலாம்னு எழுதித் தர்றேன்."

அதுவரை டிப்போவில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. பாதி ஆயுளை ஸ்டியரிங்கோடு கழித்தவருக்கு ஆணியில் சாவி மாட்டுகிற வேலை எப்படி இருக்கும்? வெளியே போகிற ஒவ்வொரு பஸ்ஸையும், மாமியார் வீட்டுக்குப் போகும் மகளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

காற்று மெஷினில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பெட்டி உண்டு. காற்றை ஈரமாக்கி அனுப்பும். அதில் தண்ணீர் இல்லாவிட்டால் மூக்கு வறண்டு, தூக்கத்திலேயே முகமூடியைப் பிய்த்து எறிந்துவிடுவார். அந்தத் தண்ணீரும் உப்பே இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும். அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரோ, ஒரு வாரம் வாளியில் விட்டால் வாளியே கல்லாகிவிடும். அதனால்தான் சமையல் மேடைக்கு ஆவித் தண்ணீர் மெஷின் வந்தது. எவர்சில்வர் பானை, மேலே ஃபேன் வைத்த மூடி. உள்ளே தண்ணீர் கொதிக்கும், ஆவி சுருள் குழாய்க்குள் ஏறும், ஃபேன் குளிர வைக்கும், ஜக்கில் சொட்டுச் சொட்டாக விழும். ஒரு ஜக் நிறைவதற்குள் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டு, பேசாமல் இருந்து, சமாதானமும் ஆகிவிடலாம்.

அந்த மெஷினை மனைவி தொடக்கூடாது. தினமும் காலையில் பஸ் கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைப்பார். மூடியைத் தட்டி, "கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். தண்ணீர் குறைகிறதா என்று எட்டிப் பார்த்துப் பார்த்து மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு நாளும் வற்ற விட்டதில்லை.

டாக்டரைப் பார்க்கிற நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம் கண்டக்டரோடு வீட்டுக்கு வந்தார். ஆவித் தண்ணீர் மெஷின் செத்த மாதிரி நின்றிருந்தது. ஜக்கில் ஒரு சொட்டு இல்லை. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். ஃபேன் அசையவில்லை.

"போச்சு. மோட்டார் எரிஞ்சுடுச்சு," என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கடையில தண்ணி வாங்கிக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"கையிருப்புக்கு ஒண்ணு இருக்கட்டும்னு வர்ற வழியிலதான் கேட்டேன். மருந்துக் கடையில தீந்து போச்சாம். நாளைக்குச் சாயங்காலம்தான் வருமாம். இன்னைக்கு ராத்திரி நான் முகமூடியப் பிச்சுப் போட்டா அதையும் பதிஞ்சு வெச்சுடுமே அந்தச் சனியன்."

"டிப்போல பேட்டரி தண்ணி இருக்குண்ணே," என்றான் கண்டக்டர். "ஊத்திக்கிட்டா காலைல கிக் அடிக்காமலே எந்திரிச்சுடுவீங்க."

"மூக்குல விடறதுக்குப் பேட்டரி தண்ணியா? உன்னையெல்லாம் யாருப்பா பஸ்ல ஏத்துனது?" என்று சொல்லிக்கொண்டே மனைவி பிளக்கைப் பிடுங்கினாள். பானை ஆறியிருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள்.

அடியில் தண்ணீர் தண்ணீராக இல்லை. கஞ்சி மாதிரி ஒரு பழுப்புக் குழம்பு. அதற்குக் கீழே ரோடு போட்டது போலக் கெட்டியாக வெள்ளை.

"ஏங்க, இத என்னைக்காவது கவுத்து ஊத்தினீங்களா?"

"எதுக்குக் கவுக்கணும்?"

"ஆவியா போறது தண்ணி மட்டும்தானே. உப்பெல்லாம் எங்க போகும், உங்க சொந்தக்காரங்க வீட்டுக்கா? அது அடியிலதான் கெடக்கும். தினம் முடிஞ்சதும் கொட்டிட்டுக் கழுவ வேணாமா?"

"ரேடியேட்டர யாராவது தினம் கவுப்பாங்களாடி? கொறைஞ்சா ஊத்தணும். வத்துனா இன்ஜின் போயிடும்."

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பாத்திரமெல்லாம் ஆடியது. "அண்ணே, நல்லவேளை, இன்ஜின்னு நெனச்சு ஆயில் ஊத்தாம விட்டீங்க."

இடிக்கு அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. இன்னொரு தடவை தேதி வாங்கி, இன்னும் எத்தனை நாள் சாவி மாட்டுவது?

மனைவி குழம்பைக் கொட்டினாள். எலுமிச்சை உப்பை அள்ளிப் போட்டு, கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றினாள். வெள்ளை ரோடு நுரைத்துக்கொண்டு பொங்கியது. மூன்று பேரும் டீ குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊறியதும் துணியால் தேய்த்தாள். பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அந்தச் சுண்ணாம்பில் ஒரு சின்ன வீடு கட்டலாம்.

"அடியில தண்ணி படாமப் பாத்துக்கம்மா, கரண்ட் அங்கதான் இருக்கு," என்று இடி பதறினார்.

கழுவின தண்ணீரைச் சாய்த்துக் கொட்டும்போதுதான் கண்டக்டர் கண்ணில் அது பட்டது. ஒயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்.

"அண்ணே, இது என்ன?"

அடியில் உப்புக் கட்டிச் சூடு மிஞ்சினால் மெஷின் தானாக அணைந்துகொள்ளுமாம், ஆறின பிறகு அந்தப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். அங்கேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. தினமும் துடைத்தவர் மேலே மட்டும் துடைத்திருக்கிறார்.

பொத்தான் டிக்கென்றது. புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். சுவிட்சைப் போட இடிக்குக் கை வரவில்லை. மனைவிதான் போட்டாள்.

ஃபேன் சுற்றியது.

இடி ஸ்டூலை மேடைக்கு இழுத்துப் போட்டு ஜக்குக்கு எதிரே உட்கார்ந்தார். பானை முனகியது, கொதித்தது. குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. விழுவேனா என்று யோசித்தது. விழுந்தது. அவர் விட்ட பெருமூச்சில் ஜன்னல் திரை பறந்ததாகக் கண்டக்டர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

படுக்கிற நேரத்துக்குள் பெட்டிக்கு வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. அன்று ராத்திரி முகமூடி முகத்திலேயே இருந்தது. மறுநாள் காலை மிச்சத்தைத் தானே கவிழ்த்துக் கொட்டினார். மனைவி பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டுக் கொட்டினார்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஒரு நாள்கூட விடலையே," என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் இடி தன் பஸ்ஸில் ஏறினார். யாரோ குள்ளமான ஆள் இத்தனை நாளாக ஓட்டியிருக்கிறான். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. கீழே கையை விட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தார்.